சங்கீத வசனமும் பல்குரலிசையும்: தமிழ்த் தொடரமைப்பு நோக்கில்

திருமறையின் சங்கீதப் பகுதியொன்றை நான்கு குரல்களில் பாடற்குழு இசைக்கும் ‘ஆந்தம்’ என்னும் வடிவம் இங்கிலாந்துத் திருச்சபை வழிபாட்டில் வளர்ந்தது. 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபை அம்மரபையும் உள்வாங்கிக்கொண்டது. 1960களில் தொழிற்பேட்டையாலும் கனரக ஊர்தித் தொழிற்சாலையாலும் பெருகிய அம்பத்தூர், ஆவடி உள்ளிட்ட சென்னையின் மேற்குப் புறநகர்ச் சபைகளிலும் பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் உள்ள இடம் தமிழ் ஆந்தத்துக்கு இல்லை. பயிற்சிக் குறைவே இதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். அது முழு விடையன்று. காரணத்தின் ஒரு பகுதி சங்கீத மொழிபெயர்ப்பின் தொடரமைப்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்தார். அவர் தொடங்கிய பழைய ஏற்பாட்டுத் தமிழாக்கத்தைச் சூல்ச் 1728இல் நிறைவு செய்தார். வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுஸ் அதனைப் புதிதாக மொழிபெயர்த்தார். அவ்வழியைத் தழுவிய பவர் குழுவினரின் திருத்தம் 1871இல் வெளிவந்தது. இவை அனைத்திலும் சங்கீதம் யாப்பில்லா உரைநடையே. வாசிப்புக்கு அந்நடை மிகப் பொருத்தம். இடர் இசையமைக்கும்போதுதான் எழுகிறது.

122ஆம் சங்கீதத்தைக் காண்போம். ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவிற்காக 1902இல் பாரி இயற்றிய புகழ்பெற்ற ஆந்தம் இச்சங்கீதத்தின்மேல் அமைந்தது. ஆங்கில வசனம் மகிழ்ச்சியை அறிவித்துத் தொடங்குகிறது. ஆகவே இசைக்கருவிகளின் முன்னிசை முடிந்ததும் பாடற்குழு அச்சொற்களுடனேயே முழக்கமாக நுழைகிறது. தமிழிலோ மகிழ்ச்சியைச் சொல்லும் வினைமுற்று வசனத்தின் கடைசிச் சொல். ஆலயத்திற்குப் போகலாம் என்ற பிறர் அழைப்பு முன்னும், அதனால் எழுந்த உவகை பின்னுமாக நிற்கின்றன. பாரியின் மெட்டில் இவ்வசனத்தை அப்படியே பொருத்தினால் முழக்கம் அழைப்பின்மேல் விழும். உவகை வருவதற்குள் இசையின் முதல் எழுச்சி தணிந்துவிடும். சொற்களை முன்பின்னாக மாற்றினாலோ வசனம் பழகிய வசனமாக இராது.

வசன இறுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில இசைமரபு அசையழுத்தத்தைப் பின்பற்றுவது. தமிழுக்குக் குறில் நெடில் வேறுபாடே உயிர். 23ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களுள் நான்கு, ‘ஏன்’, ‘ஆர்’ என்னும் நெடில் விகுதிகளில் முடிகின்றன. இறுதிச் சுரத்தை எவ்வளவு நீட்டினாலும் அவை தாங்கும். 150ஆம் சங்கீதம் இதற்கு நேர்மாறு. அதன் முதல் ஐந்து வசனங்களும் ‘துதியுங்கள்’ என்றே முடிகின்றன. ‘கள்’ என்னும் குற்றசையின்மேல் நான்கு குரல்களும் நின்று நீண்டால் அது ‘காள்’ ஆகும். நீட்டாமல் அழுத்தினால் வேறொரு பொருள் செவியில் படும் என்று நகைப்போரும் உளர். ஆரவாரமான இசையைக் கேட்டு நிற்கும் சங்கீதமே தமிழில் இசைக்கு மிகுதியாக முரண்டு பிடிப்பது வியப்புக்குரியது.

இத்தடைகள் கீர்த்தனைக்கு இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் வளர்த்த அவ்வடிவம் வசனத்தை அப்படியே ஏற்பதில்லை. அதன் கருத்தை எடுத்துப் பல்லவி, அனுபல்லவி, சரணமாகத் தமிழ் யாப்பில் புதிதாகக் கட்டுகிறது. உவகையைப் பல்லவியிலேயே வைக்கலாம். அதற்கான காரணத்தைச் சரணத்துக்குத் தள்ளலாம். பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால், வினைமுற்று எங்கே நின்றாலும் கேட்பவர் அதை இழப்பதில்லை. விலை, திருமறை வசனத்தின் சொல்வடிவம். ஆந்தமோ அச்சொல்வடிவத்தைக் காக்கவே முயல்கிறது.

எனவே மேலைநாட்டு ஆந்தங்களுக்குத் தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்பும் முயற்சியைவிட, வினைமுற்று வரும்வரை இசையை அடக்கி வைத்து, இறுதியில் நான்கு குரல்களையும் திறந்துவிடும் புதிய அமைப்பே 122ஆம் சங்கீதத்துக்குப் பொருந்தும். 150ஆம் சங்கீதத்தில், ‘துதி’ என்னும் பகுதியை ஒவ்வொரு குரலும் அடுத்தடுத்து ஏற்க, ‘யுங்கள்’ விரைந்து முடிதல் வேண்டும். நீண்ட இறுதிச் சுரத்தைக் கடைசியில் வரும் ‘அல்லேலூயா’வே ஏற்றுக்கொள்ளும்.