பாராசெல்சஸ்

பாராசெல்சஸ் (1493–1541) ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளில் ஊர் ஊராக அலைந்து வைத்தியம் பார்த்த மருத்துவர், ரசவாதி. இயற்பெயர் தியோஃப்ராஸ்டஸ் ஃபொன் ஹோஹென்ஹைம். பிறந்த ஊர் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன். தாய் அவ்வூர் மடத்துக்குக் கட்டுப்பட்ட குடியைச் சேர்ந்தவர், தந்தை மருத்துவர். 1502இல் தந்தையுடன் ஆஸ்திரியாவின் ஃபில்லாக் நகருக்குக் குடிபெயர்ந்தார். சுரங்கங்கள் நிறைந்த அந்தப் பகுதியில்தான் தாதுக்களோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. நாவிதர்கள், மருத்துவச்சிகள், குளியல் விடுதி நடத்துவோர் என்று யாரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்ள அவர் கூசியதில்லை.

1525இல் விவசாயிகள் கிளர்ச்சியின்போது உடைமைகளை விட்டுவிட்டு சால்ஸ்பர்க்கை விட்டு வெளியேறினார். பாசல் நகரில் பதிப்பாளர் யோகான் ஃப்ரோபெனின் நெடுநாள் கால்நோயைத் தணித்ததால் பெயர் பரவி, 1527இல் நகர மருத்துவரானார். பல்கலைக்கழகத்தில் லத்தீனை விட்டுவிட்டு ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தினார். படிப்பறிவு குறைந்த நாவித மருத்துவர்களையும் வகுப்பில் உட்காரவைத்தார். அவ்வாண்டு ஜூன் 24 அன்று, புனித யோவான் திருநாள் தீயில், மாணவர்கள் பார்த்திருக்க மருத்துவப் பெருநூல் ஒன்றை எறிந்தார். அது பாரசீக மருத்துவர் இப்னு சீனாவின் நூல் என்பது வழக்கு. பதிலடியாக, பண்டைய மருத்துவர் கேலனின் ஆவி நரகத்திலிருந்து எழுதியதாக ஒரு வசைக்கவிதை தேவாலயக் கதவுகளில் ஒட்டப்பட்டது.

அக்டோபரில் ஃப்ரோபென் இறந்ததும் ஆதரவு போயிற்று. செல்வாக்குள்ள தேவாலயக் குரு ஒருவர் தம்மைக் குணப்படுத்தினால் 100 குல்டன் தருவதாகச் சொல்லி, குணமானபின் 6 குல்டன் மட்டும் நீட்டினார். வழக்கு போட்ட பாராசெல்சஸ் தோற்றார். நீதிபதிகளைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கைதாகும் அபாயம் வர, 1528 பிப்ரவரியில் ஊரைவிட்டு ஓடினார். அவருடைய வாய்த்துடுக்கும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும் அவரைத் துரத்தியவர்களின் கோபம் தொழிலைக் காக்கும் கோபம் என்பதை மறைக்க முடியாது. நியூரம்பர்க்கிலும் இதே கதைதான். பரங்கிப்புண்ணுக்கு (சிபிலிஸ்) மருந்தாகத் தரப்பட்ட விலையுயர்ந்த குவாயக் மரம் பயன்படாது என்றும், மருத்துவர்கள் பாதரசத்தை அளவின்றிக் கொடுத்து நோயாளிகளைக் கெடுக்கிறார்கள் என்றும் எழுதினார். லைப்சிக் மருத்துவத் துறையினரின் தலையீட்டால் 1530இல் அவர் நூல்களை அச்சிட நகர மன்றம் தடை விதித்தது.

அக்காலத்தில் ஆட்கள் நிறுத்த முடியாமல் ஆடிக்கொண்டே இருக்கும் 'ஆட்ட நோய்' புனித வைட்டஸின் சாபமாகக் கருதப்பட்டது. 1518இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அது பெரிதாகப் பரவியது. புனிதர்கள் நோய் கொடுப்பதில்லை, இது மனக்கற்பனையிலும் உடலிலும் பிறப்பது என்றார் பாராசெல்சஸ். அவர் சொன்ன சிகிச்சையோ விசித்திரமானது: நோயாளி தன் உருவத்தை மெழுகில் செய்து, தன் எண்ணம் முழுவதையும் அதில் குவித்து, தீயில் எரித்துவிட வேண்டும். சாபத்தை மறுத்தவர் சோதிடத்தையும் பூமிக்குள் வாழும் குள்ளர்களையும் நம்பினார். அவரைப் பகுத்தறிவாளராக மட்டும் காட்டும் வரலாறுகள் பாதி மனிதரையே காட்டுகின்றன.

1534இல் இன்ஸ்பிரக் நகரில் கந்தல் உடையைப் பார்த்து மருத்துவர் என்று ஏற்க மறுத்தார்கள். அங்கிருந்து கொள்ளைநோய் பரவியிருந்த ஸ்டெர்ட்சிங் போய், அவ்வூராருக்காக ஒரு சிறு கையேடு எழுதினார். சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய் பற்றிய அவர் நூல் இதே அலைச்சல் காலத்தது. மலைத் தெய்வங்களின் தண்டனை என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல், உலோகப் புகையும் ஆவியும் மூச்சுவழி போய் நோயாகின்றன என்று அதில் விளக்கினார். தொழில்சார் நோய்க்கென்றே எழுதப்பட்ட முதல் நூல்களுள் இது ஒன்று, அச்சேறியது 1567இல்.

அவர் வாழ்நாளில் வரவேற்புப் பெற்ற பெருநூல் 1536இல் வெளியான அறுவை மருத்துவ நூல். 1538இல் தம் மீதான குற்றச்சாட்டுகளுக்கு ஏழு மறுப்புரைகள் எழுதினார். அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்ற அவருடைய கருத்து இவற்றில்தான் வருகிறது. இவற்றை அச்சிட்டுத் தருவதாக ஆஸ்திரியாவின் கரிந்தியா மாகாண அவை வாக்களித்தும் செய்யவில்லை.

1541 செப்டம்பர் 24 அன்று சால்ஸ்பர்க்கில் இறந்தார். மூன்று நாள் முன்பு எழுதிய உயிலில் மருத்துவப் பொருள்களை ஒரு நாவித மருத்துவருக்கும், எஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் விட்டுச்சென்றார். மறுப்புரைகள் 1564இல் கொலோன் நகரில் முதன்முதலாக அச்சாயின; கரிந்தியா தன் வாக்கை 1955இல் நிறைவேற்றியது.