பஞ்சத்தில் பிழைத்த பண்டிதை

மும்பையிலிருந்து சோலாப்பூர், ராய்ச்சூர் வழியாகச் சென்னைக்கு வரும் இருப்புப்பாதையில் நம்மிற் பலர் ஆண்டுதோறும் போய் வருகிறோம். புணே நகரைக் கடந்த பின், தௌண்டு சந்திப்புக்கு முன்னால், கேட்காவ் என்றொரு சிறு நிலையம் வரும். விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. அந்நேரம் நாமும் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்துக்கொண்டோ, குழந்தைகளைச் சன்னலோரத்திலிருந்து இறக்கிக்கொண்டோ இருப்போம், ஊரைக் கவனிப்பதில்லை. ஆனால் அவ்வூர் கவனிக்கத் தக்க ஊர். பசியால் தாய் தந்தையரைப் பறிகொடுத்த ஒரு பெண், பின்னொரு நாள் பசியால் அநாதையான ஏறத்தாழ 2,000 பேரை ஒரே வளைவுக்குள் வைத்துக் காத்த இடம் அது. பண்டித ராமாபாய் என்று நாடு அவரை அறியும்.

துன்பம் ஏன் வருகிறது என்ற கேள்விக்குச் சமயங்கள் பல விடைகள் கூறியிருக்கின்றன. ராமாபாயின் வரலாற்றில் நம்மை நிறுத்தி வைப்பது அந்தக் கேள்வியன்று. வந்த துன்பத்தை என்ன செய்வது என்ற மற்றொரு கேள்வி. அதற்கு அவர் கிறிஸ்துவ சமயத்தில் விடை கண்டார். அவ்விடையை அடைய அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. அடைந்த பின்னும் அது அவரை அமைதியாக இருக்க விடவில்லை.

துங்கையும் பத்திரையும் தோன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில், கங்கமூலக் காட்டில், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ராமாபாய் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழியிற் பெரும் புலமை வாய்ந்தவர். அவர் தம் மனைவி லட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தார். அக்காலத்தில் அது சிறு குற்றமன்று. பண்டிதர்களோடு வாதிட்டு ஊரின் வாயை ஓரளவு அடைத்தபோதிலும், ஊரின் மனம் மாறவில்லை. ஆகவே அவர் குடும்பத்தோடு காட்டையே வீடாக்கிக்கொண்டார். அங்கே பிறந்த இளைய மகளுக்குத் தாயே ஆசிரியை. கைப்பொருள் கரைந்ததும் குடும்பம் யாத்திரை புறப்பட்டது. தலந்தோறும் தங்கிப் புராணம் வாசிப்பதும், கேட்போர் இடுவதைக் கொண்டு வாழ்வதும் அவர்கள் தொழிலாயின. சிறுமி ராமாபாய் பாகவத சுலோகங்களை ஆயிரக்கணக்கில் மனப்பாடமாகச் சொல்லக் கூடியவரானார்.

1874ஆம் ஆண்டு அக்குடும்பம் சென்னை மாகாணத்தில் இருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்துக்குச் சற்று முந்திய காலம் அது. தெய்வம் கைவிடாது என்ற உறுதியோடு எஞ்சிய பொருளையெல்லாம் தானத்திலும் நேர்ச்சையிலும் செலவிட்டனர். பின்பு நகைகள் போயின; பாத்திரங்கள் போயின. புராணம் சொல்லிப் பழகிய கைகளுக்கு மண் சுமக்கத் தெரியாது. பிச்சை கேட்கவோ நாணம். தண்ணீரும் இலைகளும் காட்டுப் பழங்களுமே உணவாயின. முதுமையிற் கண்ணொளி இழந்திருந்த தந்தையார் நீரில் மூழ்கி உயிர் விடத் துணிந்தார். மகன் சீனிவாசர் இனிக் கூலி வேலையாவது செய்வேன் என்று தடுத்தார். ஆயினும் முதியவர் சில நாட்களிலேயே காலமானார். இறக்குமுன் இளைய மகளை அருகழைத்து, உன்னைக் கடவுள் கையில் ஒப்படைத்துவிட்டேன், அவருக்கே ஊழியம் செய் என்னும் பொருள்பட மொழிந்தாரென்று ராமாபாய் பிற்காலத்தில் எழுதினார்.

அடுத்துத் தாய் போனார். பாடை தூக்க ஆள் இல்லை. இரங்கி வந்த அந்தணர் இருவர், மூன்றாவது அண்ணன், நான்காவதாகத் தோள் கொடுக்க வேண்டியவர் பதினாறு வயது ராமாபாய். உயரம் போதாமையால் அவர் தம் பங்கைத் தலைமேற் சுமந்தார். மகளாகப் பிறந்தவர் தாயின் பாடையைத் தலையிற் சுமந்த இக்காட்சியை நாம் எத்தனை முறை படித்தாலும் விரைந்து கடந்து செல்ல முடிவதில்லை. சிறிது காலத்தில் தமக்கையும் இறந்தார். எஞ்சிய இருவரும் வடக்கு நோக்கிக் கால்நடையாக நடந்தனர். காசுமீரம் வரை சென்றனர். குளிருக்குப் போர்வை இன்றி ஆற்றங்கரை மணலிற் குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய, மணலையே போர்த்துக்கொண்டு இரவைக் கழித்ததுண்டு.

1878இல் அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர். வடமொழியில் தடையின்றிப் பேசும் இருபது வயதுக் கன்னியைக் கண்டு அந்நகரத்துப் பண்டிதர்கள் வியந்தனர். ‘பண்டிதை’, ‘சரசுவதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். புகழ் வந்தது, நிழல் நிலைக்கவில்லை. 1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டே வங்காளத்து வழக்கறிஞர் விபின் பிஹாரி மேதாவி என்பவரைச் சாதி வேறுபாடு பாராது பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881 ஏப்ரலில் மனோரமை பிறந்தாள். 1882 பிப்ரவரியில் வாந்திபேதி கண்டு கணவர் மறைந்தார். இருபத்துமூன்று வயதில், கையில் குழந்தையோடு, பிறந்த வீடும் புகுந்த வீடும் இல்லாத கைம்பெண்ணாக அவர் நின்றார். புணேக்கு வந்து பெண்களுக்காக ஆரிய மகிளா சமாஜம் நிறுவியதும், அரசாங்கத்தின் கல்விக் குழு முன்பு பெண் மருத்துவர்கள் வேண்டுமென்று சாட்சியம் அளித்ததும் அவ்வாண்டு நிகழ்ந்தவையே.

மருத்துவம் கற்கும் எண்ணத்தோடு 1883இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றி வந்தமையால் அவ்வெண்ணம் கைகூடவில்லை. வான்டேஜ் என்னும் ஊரிலிருந்த கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது, அம்மடத்தார் லண்டனில் நடத்திவந்த ஓர் இல்லத்துக்கு அவரை அழைத்துச் சென்றனர். நெறி தவறியவர் என்று ஊரால் ஒதுக்கப்பட்ட பெண்களுக்கான இல்லம் அது. அங்கே கன்னியர் அப்பெண்களிடம் காட்டிய பரிவைக் கண்டு ராமாபாய் திகைத்தார். கீழே விழுந்த பெண்ணிடம் பரிவு காட்டலாம் என்று தமக்கு அதுவரை எவரும் சொன்னதில்லை என்று அவர் எழுதுகிறார். இப்பரிவுக்குக் காரணம் யாது என்று கேட்டபோது, யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை ஒரு கன்னிகை அவருக்குப் படித்துக் காட்டினார். கிணற்றடியில் ஊரார் வெறுத்த சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய வரலாறு அது.

சாத்திரங்களையெல்லாம் கற்றுணர்ந்த ஒருவரைத் தர்க்கம் வெல்லவில்லை. தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒருத்தியின் கதை வென்றது. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர். இச்செய்தி புணேயில் பலர் மனத்தைப் புண்படுத்தியது. அவர் பழைய சமயத்தைக் குறித்துக் கூறிய சில கடுஞ்சொற்களை நாம் ஏற்க வேண்டியதில்லை. பட்டினியிலும் கைம்மையிலும் நின்று பேசியவரின் சொற்கள் அவை என்பதை மட்டும் மறவாதிருந்தாற் போதும்.

புதிய சமயத்தாரிடமும் அவர் தலை குனிந்து நடந்தவரல்லர். குருமார் சொல்வதனால் மட்டும் ஒன்றை நம்ப இயலாது. என் மனச்சான்று எனக்கு உண்டு என்று மடத்தாரோடு கடிதங்களில் ஓயாது வாதிட்டார். புலாலுணவைத் தொடவில்லை. சிலுவையில் எதற்காக லத்தீன் சொற்கள், வடமொழிச் சொற்கள் ஆகாவோ என்று கேட்டார். பிற நிலத்தில் வாழ்ந்து, அந்நிலத்தின் நன்மைகளை ஏற்று, தாய்மொழியையும் தளிகைப் பழக்கத்தையும் விடாது வைத்திருக்கும் நம்போன்றோர்க்கு இந்தப் பிடிவாதம் நன்கு விளங்கும்.

அமெரிக்காவில் நூல் எழுதியும் சொற்பொழிவாற்றியும் நிதி திரட்டி, 1889 மார்ச்சு 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதனம் என்ற பள்ளியைத் திறந்தார். உயர்சாதி இளங் கைம்பெண்களுக்கான பள்ளி. முதலில் வந்து சேர்ந்த கைம்பெண் கோதுபாய். பிற்காலத்தில் கார்வே அவர்களின் துணைவியாராகி, அப்பெரியாரின் பெண்கல்விப் பணியில் பங்கு கொண்டவர். பள்ளி 1890இல் புணேக்கு மாறியது. 1893இல் மாணவியர் சிலர் கிறிஸ்துவ வழிபாட்டில் ஈடுபடுகின்றனர் என்ற பூசல் எழுந்தது. ரானடே, பண்டார்க்கர் போன்றோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர். சமயம் கற்பிக்கமாட்டோம் என்ற உறுதிமொழிமீது நம்பிக்கை வைத்தவர்களின் வருத்தத்தில் நியாயம் உண்டு. என் அறையின் கதவை நான் சாத்திக்கொண்டு வழிபட வேண்டுமா என்ற அம்மையாரின் கேள்வியிலும் நியாயம் உண்டு.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. அமெரிக்க நிதி உதவியின் தவணை முடியும் தறுவாய். பள்ளியை நடத்துவதே பாடு. சும்மா இருந்துவிடலாம். ஆனால் பஞ்சம் என்ற சொல் அவருக்குச் செய்தித்தாளிற் படிக்கும் சொல்லன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் பட்ட பசி எழுந்து நின்றது. பஞ்ச நிவாரண முகாம்களுக்கு நேரே சென்றார். எலும்புக் கூடுகளாய்த் திரிந்த சிறுமிகளையும், அவர்களைக் கவர்ந்து செல்லக் காத்திருந்த தீயோரையும் கண்டார். அண்ணனோடு நடந்து திரிந்த காலத்தில் தாமும் இவ்வாறு வழிதவறியிருக்கக் கூடும், காப்பாற்றப்பட்டோம், எதற்காக என்பது இப்போது தெரிகிறது என்ற எண்ணம் அவர் எழுத்தில் இக்காலத்தில் வலுக்கிறது. நாம் அறிந்த வரையில் அவருடைய வாழ்க்கையின் அச்சாணி இதுவே. பெற்றோர் ஏன் இறந்தனர் என்பதற்கு அவர் விளக்கம் தேடவில்லை. தம்மைக் காத்த கை தம்மை வேலைக்கு அழைக்கிறது என்று கொண்டார்.

ஏறத்தாழ 300 பெண்களையும் குழந்தைகளையும் அழைத்து வந்தார். அதே 1897இல் புணேயில் கொள்ளைநோய். புதியவர்களை நகருக்குள் வைத்திருக்க இயலவில்லை. வருவாய்க்காகப் பழத்தோட்டம் போட வாங்கியிருந்த கேட்காவ் நிலம் நினைவுக்கு வந்தது. கொட்டகைகள் எழுந்தன; அவ்விடம் ‘முக்தி’ என்று பெயர் பெற்றது. கொள்ளைநோய் முகாமில் தம் பெண்ணொருத்திக்கு நேர்ந்த கேட்டைக் குறித்து அரசாங்கத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்கு வெளிப்படையாக எழுதவும் அவர் தயங்கவில்லை. துன்பத்திற் பொருள் காண்பதென்றால் துன்பம் செய்வோரைப் பொறுத்துக்கொண்டு போவது என்று அவர் எண்ணியதில்லை.

1899–1900இல் குஜராத்தில் மீண்டும் பஞ்சம் வர, முக்தியின் தொகை 2,000ஐ நெருங்கியது. சாதி பாராது எல்லாரும் சேர்க்கப்பட்டனர். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை, தையல், அச்சுக்கோப்பு என்று ஆளுக்கொரு தொழில். கண்பார்வையற்றோர்க்குத் தனிப் பிரிவு. அங்கே மனோரமை பிரெயில் எழுத்துக் கற்பித்தார். ஊரால் ஒதுக்கப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் என்று ஓர் இல்லம். லண்டனில் கண்டு திகைத்த அந்த இல்லத்தின் நினைவு தக்கணத்துப் புழுதியில் வேர் விட்டது.

கடைசியாக அவர் மேற்கொண்ட பணியைப் பற்றி, மொழிபெயர்ப்பையே ஊதியத் தொழிலாகக் கொண்ட நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அன்று மராத்தியில் வழங்கிய விவிலியம் வடசொற்கள் மலிந்தது. முக்தியிலிருந்த உழவர் வீட்டுப் பெண்களுக்கு எட்டவில்லை. ராமாபாய் நடுவயதுக்கு மேல் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, மூல நூலிலிருந்தே எளிய மராத்தியிற் பெயர்க்கத் தொடங்கினார். வேலை ஏறத்தாழ 18 ஆண்டுகள் நீண்டது. வடமொழியில் பட்டம் பெற்ற ஒருவர், தமக்கு இயல்பாக வரும் அருஞ்சொல்லை ஒவ்வொரு வரியிலும் விலக்கி, கிணற்றடியில் பேசும் சொல்லைத் தேடி வைப்பது எத்தகைய துறவு என்பதை, ஓர் அரசாங்கச் சுற்றறிக்கையையாவது மக்கள் மொழியிற் பெயர்க்க முயன்றவர் அறிவர்.

அப்பணி முடியுமுன் 1921 ஜூலையில் மனோரமை, தம் நாற்பதாம் வயதில், மறைந்தார். தாய்க்குப் பின் முக்தியை நடத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்த மகள். முற்றிலும் செவிடாகி, உடல் தளர்ந்திருந்த அம்மையார் மீண்டும் மேசைக்கு வந்து அமர்ந்தார். மறு ஆண்டு மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். கடைசி அச்சுப் படிகளைத் திருத்தி முடித்த சில மணி நேரத்தில் இது நிகழ்ந்தது என்று முக்தியில் இருந்தோர் சொல்லி வந்தனர். நூல் முழுமையும் 1924இல் கேட்காவ் அச்சுக்கூடத்திலேயே வெளியாயிற்று. பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கு எழுத்தும் அச்சுக்கோப்பும் கற்றுக்கொடுத்திருந்த அச்சுக்கூடம் அது.