ரீகண்டிஷன் செய்மதி

எங்கள் ஊரில் திசை சொல்வதென்றால் தொழும் திசையான கிப்லாவை வைத்துத்தான் சொல்வோம். தொண்ணூறுகளில் சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியாரின் வளவில் நான் பன்னிரண்டு அடி வலை டிஷ் பூட்டினேன். அது கடற்பக்கம் பார்த்து, அரைவாசிக்கு மேல் மல்லாந்து நின்றது.

"என்ன தம்பி, கிப்லாவுக்கு முதுகக் காட்டுது?"

"சாமான் அந்தப் பக்கம்தான் நிக்குது ஹாஜியார்."

சாமானின் பெயர் ஏசியாசாட்-1. மத்திய கோட்டுக்கு மேலே, கிழக்கு 105.5 பாகையில், ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றும். அதனால்தான் டிஷ்ஷை ஒருதரம் பிடித்து இறுக்கினால் போதும். அன்று குறுக்கே நின்ற தென்னோலை இரண்டை வெட்டினோம். உப்புக்காற்றுக்கு முன்கூட்டியே நட்டுகளில் கிரீஸ் பூசினேன். சின்ன டிவியை மரநிழலில் வைத்து, வெள்ளைப்புள்ளிகளுக்குள் படம் தேடினோம்.

அந்தச் செய்மதி ரீகண்டிஷன் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அதன் முதல் பெயர் வெஸ்டார்-6. அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியனுக்காக ஹியூஸ் கம்பெனி செய்தது. 1984 பெப்ரவரியில் சலஞ்சர் விண்ணோடம் அதை இறக்கிவிட்டது. மேலே தள்ளவேண்டிய மோட்டார் சரியாக எரியாததால் பூமிக்குக் கிட்டவே அலைந்தது. இந்தோனேசியாவின் பாலபா பி-2க்கும் அதே கதி. காப்புறுதிக்காரர்கள் காசைக் கட்டிவிட்டுச் செய்மதிகளைத் தங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அதே வருடம் நவம்பரில் டிஸ்கவரி போனது. ஜோ அலனும் டேல் கார்ட்னரும் வெளியே மிதந்து, இரண்டையும் கையால் பிடித்து ஏற்றினார்கள். பிறகு கார்ட்னர் 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகையைத் தூக்கிக்காட்டிப் படம் எடுத்துக்கொண்டார். கல்முனைச் சந்தையில்கூட அவ்வளவு துணிச்சலாக யாரும் பழைய சாமான் விற்றதில்லை!

வெஸ்டாரை வாங்கியது ஹொங்கொங்கின் ஏசியாசாட் கம்பெனி. திருத்திப் புதுப்பித்து, 1990 ஏப்ரல் 7ஆம் திகதி சீனாவின் சிச்சாங்கிலிருந்து லோங் மார்ச்-3 ரொக்கெட்டில் அனுப்பினார்கள். வெளிநாட்டார் செய்மதியொன்றைச் சீனா கூலிக்கு ஏவியது அதுதான் முதல்தரம். எங்களுக்கு அந்த வருடம் வானம் பார்க்க எங்கே நேரம்? ஜூனில் யுத்தம் திரும்பவும் மூண்டது. அடுத்த வருடம் ஸ்டார் டிவி அந்தச் செய்மதியில் தொடங்கியது.

இதையெல்லாம் ஹாஜியாரிடம் சொன்னேன். அவரிடம் ஒரு ஜப்பான் லொறி இருந்தது. வருடத்தில் பாதிநாள் கராஜில்தான் நிற்கும்.

"எத்தினயாங் கை?"

அமெரிக்கக் கம்பெனி, காப்புறுதிக்காரர், ஹொங்கொங்காரர் என்று விரல் மடித்தேன்.

"மூணாங் கைதானே," என்றார். "அப்ப என்ட லொறிய விட நல்லம்."