பிள்ளையின் வினாவும் 23 தந்த விடையும்

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901ஆம் ஆண்டு பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, இராமானுஜனுக்குப் பின் எண்கோட்பாட்டில் தமிழகம் தந்த பேரறிஞர். எந்த நேர் முழுஎண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம், அதற்குக் குறைந்த எண்ணிக்கை எல்லா எண்களுக்கும் போதாது என்று 1940இல் நிறுவியவர். உலகம் போற்றிய அந்த முடிவைவிட, இல்லை என்று விடை வந்த அவருடைய வினா ஒன்றே இளம் வாசகருக்கு அதிகம் கற்பிக்கும் என்பது என் கருத்து.

1 முதல் n வரையான எண்களின் பெருக்கம் n!. அதனுடன் 1ஐக் கூட்டினால் வரும் எண்ணை n வரையுள்ள எந்த முதன்மை எண்ணும் மீதியின்றி வகுக்காது. ஆகவே அதன் முதன்மைக் காரணிகள் யாவும் nஐவிடப் பெரியவை. முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பதும் இதிலிருந்தே பெறப்படும். அக்காரணிகளை nஆல் வகுத்தால் எப்போதும் மீதி 1 வருமா என்று பிள்ளை கேட்டார்.

தொடக்கம் நம்பிக்கையூட்டுகிறது. 5!+1 என்பது 11இன் வர்க்கம். 11ஐ 5ஆல் வகுக்க மீதி 1. 6!+1 என்பது 7×103, 7!+1 என்பது 71இன் வர்க்கம். எல்லாம் பொருந்துகின்றன. 8!+1 = 40321 = 61×661 என்ற இடத்தில் விதி முறிகிறது. 61ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5.

இப்படி விதியை மீறும் முதன்மை எண்களுள் மிகச் சிறியது 23. சர்வதமன் சவுலா காட்டிய எடுத்துக்காட்டும் அதுவே. கண்டியிலும் பேராதனையிலும் இணைந்த கணிதம் பயிலும் உயர்தர மாணவர் எவரும் அதைத் தாளிலேயே சரிபார்க்கலாம். வில்சன் தேற்றப்படி 22!+1ஐ 23 வகுக்கும். 22×21×20×19 = 175560; இதை 23ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 18!உம் 22!உம் ஒரே மீதியைத் தரும், 18!+1ஐயும் 23 வகுக்கும். ஆனால் 23ஐ 18ஆல் வகுக்க மீதி 5.

11!+1 = 39916801 தானே ஒரு முதன்மை எண்; 27!+1உம் அவ்வாறே, 29 இலக்கங்கள் கொண்டது. இவை விதிக்கு இயல்பாகவே அடங்குகின்றன, ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது n! அல்லவா? இத்தகைய முதன்மை எண்கள் முடிவின்றித் தொடருமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. மாறாக, விதியை மீறுபவை எண்ணற்றவை என்று எர்டோஷ், சுப்பாராவ், ஹார்டி ஆகியோரின் ஆய்வு நிறுவிவிட்டது. இந்த ஹார்டி இராமானுஜனின் நண்பர் அல்லர், பிற்காலத்தவர்.

1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை மறைந்தார். அவருடைய எதிர்பார்ப்புக்கு அடங்காத எண்களையே கணித உலகம் இன்று ‘பிள்ளை முதன்மை எண்கள்’ என்று அழைக்கிறது. துல்லியமாகக் கேட்கப்பட்ட வினாவுக்குக் கணிதம் தரும் மதிப்பு அது.