டிக்சி சாலையும் வசந்தகாலத் திரும்புபயணமும்

அமெரிக்காவின் வட மாநிலங்களையும் கனடாவையும் சேர்ந்த முதியோர் குளிர்காலத்தை ஃப்ளோரிடா, டெக்சாஸ், அரிசோனா போன்ற தெற்குப் பகுதிகளில் கழித்துவிட்டு, மார்ச் இறுதி தொடங்கி மே வரையில் தம் வண்டிகளிலேயே வடக்கே திரும்புவதும், வரும் வழியில் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் வாழும் ஊர்களில் தங்கித் தங்கி வருவதும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமை கொண்ட வழக்கமாகும். பனிக்கு அஞ்சி வலசை போகும் பறவைகளைப் போன்றவர்கள் என்பதால் இவர்களை 'ஸ்னோபேர்ட்' என்று அழைப்பர். இவர்களுள் பலர் ஓட்டும் மோட்டார்ஹோம் என்பது எஞ்சினும் ஓட்டுநர் இருக்கையும் படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் ஒரே கூட்டுக்குள் அமைந்த வண்டி. தமிழ்நாட்டுப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் இளைப்பாறும் கேரவனுக்கு அது நெருங்கிய உறவு. நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போகும் கட்டற்ற வாழ்வின் சின்னமாக இவ்வண்டியை விளம்பரங்கள் காட்டிவந்துள்ளன. ஆயினும் அது எங்கே போயிற்று, எப்போது திரும்பிற்று என்பதை உறைபனியும் ஓய்வூதியமும், பிள்ளைகளுக்கு வேலை கிடைத்த ஊர்களுமே பெரிதும் முடிவுசெய்தன என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

தொடக்கத்தில் இது செல்வர்களின் விளையாட்டாக இருந்தது. பியர்ஸ் ஆரோ நிறுவனம் 1910இல் அறிமுகப்படுத்திய 'டூரிங் லேண்டோ' என்னும் காரில் பின்னிருக்கை படுக்கையாக மாறியது. ஓட்டுநருடன் பேசத் தொலைபேசியும் இருந்தது. 1915இல் நியூயார்க்கின் ஹண்டிங்டனைச் சேர்ந்த ரோலண்ட் காங்ளின் என்னும் தொழிலதிபர், எட்டு டன் எடையுள்ள இரண்டடுக்குப் பேருந்தொன்றை வீடாக்கித் தம் குடும்பத்துடன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். செய்தித்தாள்களுக்குத் தீனி கிடைத்தது என்பதைத் தவிர, பொதுமக்களின் வழக்கத்தை இவை மாற்றிவிடவில்லை. மாற்றியவை ஃபோர்டின் மலிவான 'மாடல் டி' காரும், தெற்கு நோக்கி ஒரு சாலையும்.

இண்டியானாபொலிஸ் நகரத் தொழிலதிபரும், மயாமி கடற்கரையில் நிலம் வாங்கி நகரம் எழுப்பிக்கொண்டிருந்தவருமான கார்ல் ஃபிஷரின் முயற்சியால், 1915இல் டென்னசியின் சட்டனூகாவில் டிக்சி நெடுஞ்சாலைச் சங்கம் உருவாயிற்று. 'டிக்சி' என்பது தென் மாநிலங்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். மிச்சிகனின் வடமுனையையும் சிகாகோவையும் மயாமியுடன் இணைத்த இச்சாலை, உண்மையில் ஏற்கெனவே இருந்த பல சாலைகளைக் கோத்து உருவாக்கிய ஒரு பின்னல். மழைக்காலத்திலும் பனி உருகும் காலத்திலும் அதன் பெரும்பகுதி சேறாகிவிடும். அச்சேற்றைக் கடந்து வந்தவர்களே 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் டி சோட்டோ பூங்காவில் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். காரிலேயே கூடாரமும் அடுப்பும் ஏற்றிவந்து தகர டப்பாவில் அடைத்த உணவை உண்டு வாழ்ந்ததால் வந்த கேலிப்பெயரை அவர்கள் பெருமையோடு ஏற்று, ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பொருத்தி அதையே தம் அடையாளமாக்கிக்கொண்டனர். இவர்களில் மத்திய மேற்கு மாநில உழவர்கள் பலர். அறுவடை முடிந்தபின் தெற்கே வந்து, விதைப்புக்கு முன் வடக்கே திரும்பியாக வேண்டியவர்கள். குளிர்காலக் கூட்டத்தை ஃப்ளோரிடாவிலும் கோடைக் கூட்டத்தை மிச்சிகனிலும் அச்சங்கம் நடத்தியது. வழியிலிருந்த ஊராட்சிகள் வணிகம் பெருகும் என்று நம்பி முதலில் இலவச முகாம்களைத் திறந்தன. ஏழைகளும் வேலையற்றோரும் அங்கே வந்து தங்கத் தொடங்கியதும், 1920களில் கட்டணம் விதித்து அவர்களை விலக்கின.

ஓய்வுக்காலம் என்பதே உழைக்கும் மக்களுக்கு எட்டாத ஒன்றாக அதுவரை இருந்தது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாதாந்திர ஓய்வூதியம் 1940 ஜனவரியில் வழங்கப்படலாயிற்று. கார்த் தொழிலாளர் சங்கம் 1949இல் ஃபோர்டிடமும் 1950இல் ஜெனரல் மோட்டார்ஸிடமும் போராடியும் பேசியும் தனி ஓய்வூதியம் பெற்றது. டெட்ராய்ட்டில் கார் செய்தவர்கள் தெற்கே குளிர்காயப் போகும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீள விரைவுச்சாலைகளுக்கு வழிவகுத்தபோது, பழைய டிக்சி சாலையின் ஒரு கிளையை ஏறத்தாழ ஒட்டியே 'ஐ-75' என்னும் நெடுஞ்சாலை எழுந்தது. ஏறத்தாழ 2,870 கிலோமீட்டர் நீளமுள்ள அது டெட்ராய்ட், டொலிடோ, சின்சினாட்டி, நாக்ஸ்வில், அட்லாண்டா வழியாக ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் இறங்குகிறது. மிச்சிகன், ஒஹையோ மக்கள் அம்மேற்குக் கரையில் மிகுதியாகவும், 'ஐ-95' என்னும் மற்றொரு நெடுஞ்சாலை வழியே வந்த நியூயார்க், நியூ ஜெர்சி மக்கள் கிழக்குக் கரையில் மிகுதியாகவும் குடியேறியதற்குச் சாலையின் போக்கு ஒரு முக்கியக் காரணம்.

இச்சாலை உறவுகளின் சாலையாகவும் அமைந்தது தற்செயலன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கென்டக்கி, டென்னசி மலைப்பகுதிகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒஹையோ, மிச்சிகன் தொழிற்சாலைகளுக்குக் குடிபெயர்ந்தனர். வடக்கே தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது அடுத்த தலைமுறை அட்லாண்டா போன்ற நகரங்களுக்கு வேலை தேடிப் போயிற்று. எனவே தெற்கிலிருந்து புறப்படும் முதியவருக்கு அட்லாண்டாவில் ஒரு மகளும், கென்டக்கியில் ஒரு சித்தப்பா வீடும், டொலிடோவில் ஒரு மகனும் இருப்பது கதைக்காகச் சொல்லும் ஏற்பாடன்று. அந்நாட்டுத் தொழில்வரலாறு வரைந்துவைத்த நிலப்படம் அது.

விரைவுச்சாலைகள் எழுந்த காலத்திலேயே வண்டியும் இன்றைய வடிவை எட்டியது. மிச்சிகனின் பிரவுன் சிட்டியில் ரே ஃபிராங்க் என்பவர் 1950களின் இறுதியில் தம் குடும்பத்துக்காகக் கட்டிய வண்டியைக் கண்டு பிறரும் கேட்க, 1960களின் தொடக்கத்தில் டாட்ஜ் நிறுவனத்தின் அடிச்சட்டத்தின்மேல் அவர் மோட்டார்ஹோம்களைத் தயாரித்து விற்றார். அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில், நலிந்துவந்த வேளாண்மைக்கு ஈடாக உள்ளூரில் வேலைவாய்ப்பு உண்டாக்க விரும்பிய வணிகர்கள் 1958இல் இழுவண்டித் தொழிற்சாலையொன்றை வரவழைத்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் ஹான்சனின் தலைமையில் வினபேகோ என்று பெயர்பெற்ற அந்நிறுவனம் 1966 முதல் மோட்டார்ஹோம்களைத் தொடர் உற்பத்தி செய்து விலையைக் குறைத்தது. 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாடு இத்தொழிலைக் கடுமையாக உலுக்கியது என்றாலும் அழித்துவிடவில்லை.

கறுப்பின மக்களின் பயணம் வேறு வகைப்பட்டது. தெற்கிலிருந்து டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் குடிபெயர்ந்த அவர்கள் சொந்த ஊருக்குச் சென்றுவரும்போது, வழியிலிருந்த விடுதிகளும் முகாம்களும் பெட்ரோல் நிலையக் கழிப்பறைகளும் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. விக்டர் கிரீன் என்னும் நியூயார்க் அஞ்சல் ஊழியர் 1936 முதல் வெளியிட்ட 'கிரீன் புக்' என்னும் கையேடு, அவர்களை ஏற்கும் இடங்களை ஊர்வாரியாகப் பட்டியலிட்டது. பொது இடங்களில் இன ஒதுக்கலை 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம் தடைசெய்யும்வரை, வழியிலுள்ள உறவினர் வீடு அவர்களுக்கு மகிழ்ச்சிக்குரிய நிறுத்தம் என்பதைவிட இரவைப் பாதுகாப்பாகக் கழிக்கும் ஒரே புகலிடமாகப் பலமுறை இருந்தது. மோட்டார்ஹோம் பற்றிய கொண்டாட்ட நூல்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுவது வருந்தத்தக்கது.

திரும்பும் நாளைக் குறிப்பதில் இன்றும் பல விதிகள் சேர்ந்து இயங்குகின்றன. வண்டியின் நீர்க்குழாய்கள் உறைந்தால் வெடிக்கும். வடக்கிலுள்ள பல முகாம்கள் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோதான் தண்ணீரைத் திறந்துவிடுகின்றன. அரிசோனாவின் குவார்ட்சைட் அருகிலுள்ள அரசுப் பாலைநிலத்தில் நீண்டகாலம் தங்குவதற்கான பருவம் செப்டம்பர் 15இல் தொடங்கி ஏப்ரல் 15இல் முடிகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தார் பன்னிரண்டு மாதங்களில் 212 நாள்களுக்கு மேல் வெளியே இருந்தால், பொதுவாக அரசு மருத்துவக் காப்பீட்டு உரிமையை இழக்க நேரும். ஆகவே ஏப்ரலில் புறப்பட்டு, பனி பின்வாங்கும் வேகத்திலேயே வடக்கே நகர்ந்து, இடைப்பட்ட வாரங்களை உறவினர் வீடுகளில் கழிப்பது ஆசையும் தேவையும் ஒன்றுபட்ட ஏற்பாடு.

உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அதிலேயே தங்குவதற்கும் வசந்தமே ஏற்ற காலம். மோட்டார்ஹோமுக்கு 30 அல்லது 50 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண இணைப்பு தருவதோ 15 அல்லது 20 ஆம்பியர். குளிரூட்டியும் சூடேற்றியும் தேவைப்படாத இப்பருவத்தில் அதுவே விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் போதுமானது. தங்கும் நாள்களின் எண்ணிக்கையைக் கழிவுநீர்த் தொட்டி தீர்மானிக்கிறது; அது நிறைந்ததும், அதற்கென அமைந்த நிலையத்துக்கு வண்டியை ஓட்டிச்சென்று காலிசெய்தாக வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்னும் தமிழ்ப் பழமொழியின் கணக்கை இத்தொட்டி சில நாள்கள் கூடக்குறைய ஒப்புக்கொள்கிறது.

தடையாக இருப்பது வேறொன்று. சொத்து மதிப்பும் தெருவின் தோற்றமும் கெடும் என்று கருதிப் பல நகராட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் மோட்டார்ஹோமை வீட்டின் முன் நிறுத்துவதற்குத் தடையோ, ஓரிரு நாள் என்னும் வரம்போ விதித்துள்ளன. அத்தகைய ஊர்களில் பெற்றோர் புறநகர் முகாமொன்றில் கட்டணம் செலுத்தி வண்டியை நிறுத்த, பிள்ளைகள் காரில் அங்கே போய்ப் பார்த்துவருகின்றனர்.