எச்சரிக்கை குடிசையை அடைந்த வரலாறு

பேரிடர் நேரும்போதெல்லாம் விதியை நொந்து பெருமூச்சு விடுவது நம்மிடையே நெடுங்காலப் பழக்கம். புயல் இயற்கையின் செயலாக இருக்கலாம். அதில் யார் மடிகிறார், யார் பிழைக்கிறார் என்பதை நிர்ணயிப்பது சமுதாயமே. வங்காள விரிகுடாவின் கரைகள் நமக்கு உணர்த்தும் பாடம் இதுதான்.

1970 நவம்பர் 12ஆம் திகதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த நாட்டின் கழிமுகத் தீவுகளைச் சூறாவளியும் கடற்பெருக்கும் விழுங்கின. மாண்டோர் தொகை 3 இலட்சத்துக்கும் 5 இலட்சத்துக்கும் இடைப்பட்டதெனக் கணிக்கப்படுகிறது. புயலின் வருகையை எவரும் அறியாதிருக்கவில்லை. வானிலை அறிஞர் அறிந்தனர், வானொலியும் அறிவித்தது. ஆயின் அச்செய்தியைக் குடிசைவரை கொண்டு செல்ல ஆளில்லை. கேட்டவர் ஓடி ஒதுங்கப் போதிய புகலிடமும் இல்லை.

வங்காளதேசம் பிறந்த பின்னர், 1972இல் செஞ்சிலுவை இயக்கத்தார் சூறாவளி ஆயத்தத் திட்டமொன்றை ஆரம்பித்தனர். மறு வருடம் அரசாங்கமும் அதிற் பங்காளியாயிற்று. தலைநகரிலிருந்து கம்பியில்லாத் தந்தி மூலம் கரையோர அலுவலகங்களுக்கும், அங்கிருந்து கிராமத் தொண்டர் அணிகளுக்கும் செய்தி செல்லும் வழி வகுக்கப்பட்டது. எச்சரிப்போர், புகலிடம் சேர்ப்போர், மீட்போர், முதலுதவி செய்வோர் என வேலைகள் முன்கூட்டியே பகிரப்பட்டன. கொடியும் ஒலிபெருக்கியும் கைச்சங்கும் துவிச்சக்கர வண்டியுமே அவர்களின் ஆயுதங்கள். தொண்டர்கள் அவ்வூர் விவசாயிகளும் மீனவரும் ஆசிரியருமாவர்.

அமைப்பு மட்டும் போதாது என்பதை 1991 ஏப்ரல் 29ஆம் திகதிச் சூறாவளி காட்டியது. அதில் ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டனர். எச்சரிக்கை சென்றது, புகலிடங்களோ மிகச் சில. மாண்டோரிற் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கணவனின் சொல்லின்றி வீட்டை விட்டு வெளியேறத் தயங்கிய பெண்ணுக்குக் கொடியின் நிறம் என்ன பயன் தரும்? அதன் பின்னர், சாதாரண நாளிற் பாடசாலையாகவும் புயல் நாளிற் புகலிடமாகவும் பயன்படும் கட்டடங்கள் பெருகின. தொண்டர் அணிகளிற் பெண்கள் திரண்டனர். 2020இல் அம்பன் சூறாவளி வந்தபோது 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் முன்னதாகவே புகலிடம் சேர்க்கப்பட்டனர். அந்நாட்டில் மாண்டோர் சில பத்துப் பேரே.

நமது கரைக்கு வருவோம். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. கால் நூற்றாண்டின் பின், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியதற்கும் நமது கிழக்குக் கரையை அலை தொட்டதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அவ்விரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்த ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. மாண்டோரும் காணாமற்போனோருமாக ஏறக்குறைய 35,000 பேரை இழந்தோம்.

அதன் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், வடக்குக் கிழக்கு நிவாரணத்துக்கென அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்போ ஜூலையிலேயே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குள்ளாகிச் செயற்படாது போயிற்று. அலை இனம் பார்க்கவில்லை, நிவாரணம் பார்த்தது.

சட்டமும் சபையும் வேண்டுவனவே. ஆயினும் அவை கச்சேரியின் கோவைகளோடு நின்றுவிடலாகாது. எந்த லொறி யாரிடம் உள்ளது, எந்தத் தோணி எத்துறையில் நிற்கிறது, படுக்கையிற் கிடக்கும் முதியவரை யார் தூக்குவார், கர்ப்பிணியை எவ்வழியே கொண்டு செல்வது, குடிநீர் எங்கே சேமிக்கப்பட்டுள்ளது ஆகிய வினாக்களுக்கு விடை அவ்வூராரிடமே உண்டு. மீனவர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும், கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பாடசாலையும் ஒரே மேசையிற் கூடி, மழைக்கு முன்பே அவ்விடைகளை எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கை அவரவர் மொழியிலேயே வரவேண்டும்.

அழிவுக்குப் பின்னர் அரிசி மூட்டையுடன் வருபவரை நாம் நன்றியுடன் வரவேற்கிறோம். அழிவுக்கு முன்னர் கதவைத் தட்டும் அயலவனை உருவாக்குவதே இன்று நம்முன் நிற்கும் பணி.