கொறங்காடு

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் காளையின் படம் பனியனில்கூட ஏறிவிட்டது. அந்தக் காளையை வளர்த்த கொறங்காட்டைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம். வெளியூர்க்காரர்கள் அதை ஏதோ வனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வனம் இல்லை, மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த பட்டா நிலம்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், கரூர்ப் பக்கம் சரளை மண். மழை ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இந்த மண்ணில் வெள்ளாமையை மட்டும் நம்பியிருந்தால் பிழைக்க முடியாது என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு.

கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆழமாக இறங்கும். மேலே காய்ந்து சருகானாலும் தூர் சாகாது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். சித்திரை, வைகாசியில் புல் தீர்ந்துபோகும் நேரம் பார்த்து வெள்வேலங்காய் உதிரும். ஆடுகள் அதைத் தின்று புழுக்கை போட, அதிலிருந்தே புதுக் கன்று முளைக்கும். யாரும் விதைக்க வேண்டியதில்லை. மாடு மேய்ந்து விட்ட குட்டைப் புல்லை ஆடு கடித்துக்கொள்ளும். சாணமும் புழுக்கையும் அங்கேயே விழுந்து மண்ணில் சேரும்.

காங்கேயம் இனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பாளையக்கோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். நல்ல காளைகளைப் பொறுக்கி எடுத்து இனத்தைப் பெருக்கினார். அதில் சந்தேகமில்லை. ஆனால் வெயிலில் நடந்து, முள்ளுக்கு நடுவே மேய்ந்து இறுகிய உடம்பு, பொறுக்கி எடுப்பதால் மட்டும் வந்துவிடாது என்பது என் எண்ணம்.

அதே காட்டில் மேயும் மேச்சேரி ஆட்டின் கறியும் அப்படித்தான். புல் மேய்ந்த கால்நடையின் கொழுப்பில் ஒமேகா-3 கூடுதல் என்று இன்று ஆராய்ச்சி சொல்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு அது குழம்பு கொதிக்கும் வாசனையிலேயே தெரியும்!

பம்புசெட் வந்து கவலை நின்றது. டிராக்டர் வந்து ஏர் நின்றது. மாட்டுக்கு வேலையில்லாமல் போனதும் கொறங்காடு மனையாயிற்று, மில்லாயிற்று, காற்றாலையாயிற்று. இவற்றைவிடப் பெரிய அடி பாகப்பிரிவினை. இருபது ஏக்கரை நான்கு பேர் பிரித்துக்கொண்டால், ஆளுக்குக் கிடைக்கும் ஐந்து ஏக்கரில் எத்தனை மாட்டை மேய்ப்பது?

இன்று மிச்சமிருக்கும் கொறங்காடுகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆடுதான். கறிக்கு விலை இருக்கிறது. அதனால் குத்தகைக்கு எடுத்து மேய்க்கிறார்கள். ஆனால் மழைக்குப் பின் புல் பூத்து விதை உதிரும்வரை படலைச் சாத்தி வைக்க வேண்டும். ஒரு வருஷக் குத்தகைக்காரர் அடுத்த வருஷத்துப் புல்லுக்காக எதற்குக் காத்திருக்கப் போகிறார்? மூன்று வருஷத்துக்காவது எழுதிக் கொடுங்கள் என்று, நிலம் வைத்திருக்கும் எங்கள் பங்காளிகளிடம் சொல்லி வருகிறேன். இதுவரை இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.